பூமி எங்கே பிளக்கும்? கம்பெனியைக் கேட்டால் போதுமா?

2024 நவம்பர் 13ஆம் தேதி ஜப்பானில் ஒரு தீர்ப்பு வெளியாயிற்று. அது கோர்ட்டுத் தீர்ப்பல்ல. அந்நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறைக் கமிஷன் அளித்த தீர்ப்பு. சுருகா என்ற கடற்கரை ஊரில், 1987 முதல் இயங்கி 2011இல் நிறுத்தப்பட்ட 1,160 மெகாவாட் அணு உலையை மறுபடியும் ஓட்ட அனுமதி கிடையாது என்று கமிஷன் கூறிவிட்டது. காரணம் என்ன? உலை பழுதாகிவிட்டதா? இல்லை. யந்திரம் தேய்ந்துவிட்டதா? அதுவும் இல்லை. உலைக் கட்டிடத்தின் அடியில் ஓடும் பூமிப் பிளவு ஒன்று உயிருள்ள பிளவாக இருக்கக்கூடும், அப்படி இல்லை என்று கம்பெனியால் நிரூபிக்க முடியவில்லை என்பதே காரணம்.

புகுஷிமா விபத்துக்குப் பிறகு, 2012இல் இந்தக் கமிஷன் அமைக்கப்பட்டது. அது ஓர் உலைக்கு அனுமதி மறுத்தது இதுவே முதல் தடவை. நமது தினசரிகளில் இந்தச் செய்திக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. ஆனால் அணை கட்டுவோரும், சுரங்கம் குடைவோரும், அவற்றின் நிழலில் குடியிருப்போரும் ஊன்றிப் படிக்க வேண்டிய செய்தி இது. அதிலும் ஒரு விவரம் நம் கவனத்தை ஈர்க்கிறது. பூமியைத் துளைத்து எடுத்த மண், பாறை மாதிரிகளைப் பற்றிக் கம்பெனி சமர்ப்பித்த குறிப்புகளில் பல இடங்கள், யாருக்கும் சொல்லாமல் மாற்றி எழுதப்பட்டிருந்தன. 2020இல் இது அம்பலமாயிற்று.

பூமி என்ன சொன்னது என்பது ஒன்று. அதைக் காகிதத்தில் எழுதியவர்கள் என்ன எழுதினார்கள் என்பது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஜனங்களின் உயிர் தொங்குகிறது.

எப்போது என்பது வேறு, எங்கே என்பது வேறு

"பூகம்பத்தை யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? அது இயற்கையின் சீற்றம்" என்று மந்திரிகளும் காண்டிராக்டர்களும் கையை விரிப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி ஏமாற்று.

எந்த நாளில், எந்த மணியில் பூகம்பம் வரும் என்று சொல்ல இன்றுவரை எந்த விஞ்ஞானியாலும் முடியவில்லை. இது உண்மை. ஆனால் பெரிய பூகம்பம் வந்தால் தரை எந்தக் கோட்டில் கிழியும், சுமார் எத்தனை அடி விலகும், அந்தக் கோடு கடைசியாக எப்போது கிழிந்தது என்று ஆராய்ந்து சொல்ல முடியும். எல்லா இடத்திலும் துல்லியமாக முடியாது. ஆனால் பல இடங்களில், ஒரு கட்டிடத்தை இங்கே கட்டு, அங்கே கட்டாதே என்று சொல்லும் அளவுக்கு முடியும். "எப்போது" என்பது தெரியாது என்ற உண்மையைக் காட்டி, "எங்கே" என்பதும் தெரியாது என்று நம்பவைப்பதுதான் ஏமாற்று.

பூகம்பம் கட்டிடங்களை இரண்டு விதமாகத் தாக்குகிறது. ஒன்று குலுக்கல். நல்ல கம்பியும் நல்ல சிமெண்டும் போட்டு, ஒழுங்காகக் கணக்கிட்டுக் கட்டினால் குலுக்கலைத் தாங்கி நிற்கலாம். மற்றொன்று தரை பிளத்தல். பிளவின் ஒரு பக்கத்து நிலம் ஒரு திசையிலும் மறுபக்கத்து நிலம் எதிர்த் திசையிலும் நகரும், அல்லது ஒரு பக்கம் மேலே எழும்பும். ஒரு காலை ஒரு படகிலும் மறு காலை இன்னொரு படகிலும் வைத்து நிற்பவனின் கதிதான், அந்தக் கோட்டின் மேல் நிற்கும் கட்டிடத்தின் கதி. கம்பியை இரட்டிப்பாக்கினாலும் சாதாரணக் கட்டிடத்துக்கு அங்கே தப்ப வழியில்லை. விலகி நிற்பது ஒன்றே வழி.

1906இல் சான்பிரான்சிஸ்கோ நகரை அழித்த பூகம்பத்தில், சான் ஆண்ட்ரியாஸ் பிளவு சுமார் 470 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரையைக் கிழித்தது. நேராக ஓடிய வேலிகளும் சாலைகளும் வெட்டுண்டு விலகின. சில இடங்களில் விலகல் ஏறக்குறைய 6 மீட்டர். இதை அளந்து பார்த்த ஹாரி ரீட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பிளவின் இருபுறமும் உள்ள பாறை பல காலம் மெல்ல மெல்ல வளைந்து, தாங்க முடியாத கட்டத்தில் விண்ணென்று விடுபடுவதே பூகம்பம் என்று 1910இல் விளக்கினார். விடுபட்ட பிறகு மீண்டும் வளைதல், மீண்டும் விடுபடுதல். ஆகவே ஒருமுறை கிழிந்த கோட்டில்தான் மறுமுறையும் பெரும்பாலும் கிழியும். விரிசல் விட்ட சுவருக்கு எத்தனை தடவை வெள்ளையடித்தாலும், அடுத்த மழைக்கு அதே இடத்தில் விரிசல் தலைகாட்டுகிறதல்லவா? பூமியும் அப்படித்தான்.

மண்ணைப் படிக்கும் கலை

இந்தப் பழைய விரிசலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதில் மந்திரமும் இல்லை, ஜோசியமும் இல்லை. முதலில் வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்க்கிறார்கள். நேராக வந்த ஓடை திடீரென்று ஒரு கோட்டில் திரும்பிச் சிறிது தூரம் ஓடி மறுபடி நேராகப் போகிறதா, சமமான வயல்வெளியில் காரணமில்லாமல் ஒரு மேடு நீள்கிறதா என்று தேடுகிறார்கள். பிறகு அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஆள் மட்டத்துக்கு மேலான ஆழத்தில் ஒரு நீண்ட பள்ளம் வெட்டுகிறார்கள்.

அந்தப் பள்ளத்தின் சுவர்தான் புத்தகம். வெள்ளம் கொண்டுவந்து படிய வைத்த வண்டலும் மணலும் அடுக்கடுக்காகத் தெரியும. அடியில் உள்ள அடுக்குகள் வெட்டுண்டு கிடக்கும்; மேலே உள்ள அடுக்குகள் வெட்டுப்படாமல் இருக்கும். வெட்டுப்பட்ட கடைசி அடுக்குக்கும், வெட்டுப்படாத முதல் அடுக்குக்கும் இடைப்பட்ட காலத்தில் பூமி பிளந்தது என்று அறிகிறார்கள். அடுக்குகளில் கிடக்கும் கரித்துண்டுகளைக் கொண்டு வயதைக் கணக்கிடுகிறார்கள். 1970களின் இறுதியில் கெரி சீ என்ற இளம் ஆராய்ச்சியாளர், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பாலெட் ஓடை என்ற இடத்தில் இப்படித் தோண்டி, எழுதப்பட்ட சரித்திரத்துக்கு முன்பு நடந்த பூகம்பங்களை வரிசையாக எடுத்துக்காட்டினார். அன்று முதல் இந்தமுறை உலகெங்கும் பரவியது.

எத்தனை அடி விலகும் என்பதற்கும் வழி உண்டு. உலகின் பல நாடுகளில் நடந்த பூகம்பங்களைத் தொகுத்து, பிளவின் நீளத்துக்கும் பூகம்பத்தின் அளவுக்கும் தரை விலகலுக்கும் உள்ள உறவை வெல்ஸ், காப்பர்ஸ்மித் என்ற இருவர் 1994இல் வெளியிட்டனர். பிளவு நீண்டால் விலகலும் பெருகும். பின்னர், அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் யூக்கா மலையில் அணுக்கழிவைப் புதைக்கும் திட்டத்துக்காக இன்னொரு முறை வளர்ந்தது. இத்தனை ஆண்டுகளில், இந்த இடத்தில், இத்தனை அங்குலத்துக்கு மேல் தரை விலகுவதற்கு என்ன வாய்ப்பு என்று எண்களில் சொல்லும் முறை அது. பிரதான பிளவில் மட்டுமல்ல, அதன் பக்கத்தில் கிளைவிடும் சிறு பிளவுகளிலும் என்ன நேரும் என்று அது கணக்கிடுகிறது.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். பதினாயிரத்தில் ஒன்று, லட்சத்தில் ஒன்று என்று வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொல்வது விஞ்ஞானியின் வேலை. ஆனால் எந்த அளவு ஆபத்தை ஏற்கலாம் என்பது பூகர்ப்ப சாஸ்திரத்தில் எழுதப்படவில்லை. அது சமுதாயத்தின் முடிவு. அந்த முடிவை எடுப்பது யார்? அணையின் கீழ் வாழும் விவசாயியா? சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளியா? அல்லது லாப நஷ்டக் கணக்கு எழுதும் கம்பெனியின் டைரக்டர்களா?

போடேகா முனையில் ஒரு பள்ளம்

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவிலேயே சாதாரண ஜனங்கள் ஒருமுறை பதில் சொன்னார்கள். சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் போடேகா என்ற மீன்பிடித் துறை இருக்கிறது. அங்கே மின்நிலையம் கட்டப்போவதாக பசிபிக் காஸ் அண்டு எலெக்ட்ரிக் கம்பெனி 1958இல் அறிவித்தது. அது அணு மின்நிலையம் என்பதை 1961இல்தான் பகிரங்கமாகச் சொல்லிற்று. இடம் எங்கே? சான் ஆண்ட்ரியாஸ் பிளவு மண்டலத்தின் விளிம்பிலிருந்து வெறும் 1,000 அடி தூரத்தில்!

மீனவர்களும் பால்பண்ணைக்காரர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். 1963இல் அந்தக் கடல் முனையிலிருந்து 1,500 பலூன்களைப் பறக்கவிட்டார்கள். உலை உடைந்தால் விஷத்தூசு எந்த ஊர்களில் போய் விழும் என்று அந்தப் பலூன்கள் நாட்டுக்குக் காட்டின. கம்பெனியோ பாறை உறுதியானது என்று சொல்லிக்கொண்டே உலைக்கான பெரும் பள்ளத்தைத் தோண்டியது. தோண்டிய பள்ளமே கம்பெனிக்கு எதிராகச் சாட்சி சொன்னது! சர்க்காரின் பூகர்ப்ப ஆய்வு நிபுணர்கள் அதற்குள் இறங்கிப் பார்த்தபோது, உலை அமையவேண்டிய இடத்தின் ஊடாகவே ஒரு பிளவு ஓடுவதைக் கண்டார்கள்.

கம்பெனி விட்டுவிட்டதா? இல்லை. உலைக் கட்டிடத்தை மணல் படுக்கையின் மேல் வைத்து, தரை 2 அடி விலகினாலும் தாங்கும்படி செய்கிறோம் என்றது. அணுசக்திக் கமிஷனுக்கு ஆலோசனை கூறும் ஒரு குழு அதை ஒப்புக்கொள்ளவும் முன்வந்தது. ஆனால் கமிஷனின் சொந்த அலுவலர்கள், இப்படி ஒன்றை யாரும் கட்டிப் பார்த்ததில்லை, சோதித்துப் பார்த்ததுமில்லை, இந்த இடம் தகாது என்று எழுதினார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து இப்போது ஒரு குளமாகக் கிடக்கிறது. அந்தக் குளம் தோல்வியின் சின்னமல்ல. விஞ்ஞானமும் ஜனங்களும் கைகோத்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கான சின்னம்.

இரு நிபுணர் குழுக்கள் ஒரே பள்ளத்தைப் பார்த்து இருவேறு முடிவு சொன்னதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இரு சாராரும் படித்தவர்களே. அந்த நிலையில் தராசை ஒரு பக்கம் சாய்த்தது எது? விஷயம் வெளிச்சத்தில் நடந்தது என்பதுதான். மூடிய அறைக்குள் நடந்திருந்தால் அந்த இடத்தில் இன்று குளம் இருந்திருக்காது.

எண்ணெய் எடுத்தவர் யார்? செத்தவர் யார்?

வெளிச்சம் படாத இடத்தில் நடந்தது என்ன? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பால்ட்வின் குன்றின் மேல் 1951இல் ஒரு நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. அடியில் பிளவுகள் ஓடுவது கட்டும்போதே தெரியும். அடித்தளத்துக்கு மேல் பூச்சும் வடிகாலும் போட்டுச் சமாளிக்கலாம் என்று எண்ணினார்கள். 1963 டிசம்பர் 14ஆம் தேதி காலை, வடிகாலில் தண்ணீர் இரைந்து ஓடுவதைக் காவல் பார்த்த ஊழியர் கவனித்தார். பிற்பகலில் கரை உடைந்தது. வெள்ளம் கீழே இருந்த குடியிருப்புகளை வாரிக்கொண்டு போயிற்று. 5 பேர் மாண்டார்கள். ஊழியர் விழிப்போடு இருந்ததாலும், ஜனங்களை அவசரமாக வெளியேற்றியதாலும் சாவு அத்துடன் நின்றது.

அன்று பூகம்பம் எதுவும் வரவில்லை! பின் பிளவு ஏன் நகர்ந்தது? அருகில் இங்கிள்வுட் எண்ணெய் வயல் இருந்தது. பல ஆண்டுகளாக எண்ணெயை உறிஞ்சியதால் நிலம் உள்வாங்கியது. மிஞ்சிய எண்ணெயையும் பிழிந்தெடுக்க, 1950களில் பூமிக்குள் அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தினார்கள். இவையே பழைய பிளவைத் தூண்டி நகர வைத்தன என்று ஹாமில்டன், மீஹன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1971இல் எடுத்துக்காட்டினார்கள். ஆக, தரை பிளப்பதும் எப்போதும் "இயற்கையின் சீற்றம்" அல்ல. சில வேளைகளில் அது கம்பெனியின் கைவரிசை.

செய்ய மனமிருந்தால் செய்யலாம்

பிளவைக் கண்டால் எதையும் கட்டவே கூடாது என்பது நம் கட்சியா? அல்ல. சாலையும் ரயிலும் குழாயும் நீண்டு போகிறவை. பிளவைத் தாண்டாமல் அவற்றால் போக முடியாது. தாண்டுகிற இடத்தில் எப்படித் தாண்டுவது என்பதே கேள்வி.

அலாஸ்காவில் 1975 முதல் 1977 வரை, 1,280 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் எண்ணெய்க் குழாய் போட்டார்கள். அது டெனாலி என்ற பெரும் பிளவைக் கடக்கிறது. கடக்கும் இடத்தைப் பூகர்ப்ப நிபுணர்கள் முன்கூட்டியே ஆராய்ந்தார்கள். தரை பக்கவாட்டில் 20 அடியும், மேல் கீழாக 5 அடியும் விலகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதன்படி அந்த இடத்தில் குழாயை மண்ணில் புதைக்கவில்லை. நீண்ட உத்தரங்களின் மேல், வழுக்கும் காலணி மாட்டியது போலக் கிடத்தி, வளைந்து வளைந்து செல்லும்படி அமைத்தார்கள். 2002 நவம்பர் 3ஆம் தேதி 7.9 அளவுள்ள பூகம்பம் வந்தது. குழாய் கடக்கும் இடத்தில் தரை சுமார் 14 அடி விலகிற்று. குழாய் வழுக்கி நகர்ந்தது. ஒரு துளி எண்ணெய் சிந்தவில்லை!

இதையும் கட்டியவை பெரிய எண்ணெய்க் கம்பெனிகள்தான். அவற்றுக்குத் திடீரென்று தர்மசிந்தனை பிறந்துவிட்டதா? குழாய் போகும் நிலம் பெரும்பாலும் சர்க்கார் நிலம். பிளவையும் பூகம்பத்தையும் கணக்கில் எடுத்தால்தான் அனுமதி என்று நிபந்தனை இருந்தது. குழாய் வெடித்தால் அவர்களுடைய எண்ணெயும் போகும். நிபந்தனையும் சொந்த நஷ்டமும் ஒரு திசையில் தள்ளியபோது நல்ல பொறியியல் பிறந்தது. நஷ்டம் பிறர் தலையில் விழும் இடங்களில் இந்தக் கரிசனத்தைக் காண்பது அரிது.

1971இல் சான் பெர்னாண்டோ பூகம்பம் வீடுகளின் அடியில் தரையைக் கிழித்த பிறகு, கலிபோர்னியாவில் 1972இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உயிருள்ள பிளவுகளைச் சர்க்காரே ஆராய்ந்து வரைபடத்தில் குறித்து வெளியிட வேண்டும். அந்த வட்டாரத்தில் மனிதர் குடியிருக்கும் கட்டிடம் கட்டுவதானால் பூகர்ப்ப ஆய்வு செய்ய வேண்டும். பிளவிலிருந்து வழக்கமாக 50 அடி தள்ளிக் கட்ட வேண்டும். இந்தச் சட்டத்தில் ஓட்டைகள் உண்டு; சில சிறிய தனி வீடுகளுக்கு விலக்கு இருக்கிறது. ஆனாலும் எவரும் வரைபடத்தைப் பார்த்து, தம் மனை எங்கே இருக்கிறது என்று அறியலாம். இதுதான் முக்கியம்.

விஞ்ஞானத்தின் எல்லை

நம் வாதத்துக்கு எதிராக ஒரு கேள்வி எழும். "விஞ்ஞானிகளுக்கே நிச்சயமாகத் தெரியாதபோது, சந்தேகத்தைக் காட்டி நாட்டின் முன்னேற்றத்தை நிறுத்தலாமா? மின்சாரம் வேண்டாமா? பாசனம் வேண்டாமா?"

நியாயமான கேள்விதான். நேராகவே பதில் சொல்வோம். விஞ்ஞானத்துக்கு எல்லை உண்டு. 2001 ஜனவரி 26இல் பூஜ் பகுதியில் பல்லாயிரம் உயிர்களைப் பறித்த பூகம்பத்தின் பிளவு, பூமிக்கு மேலே வரவே இல்லை, ஆழத்திலேயே நின்றுவிட்டது. 2015இல் நேபாளத்தில் வந்த 7.8 அளவுள்ள பூகம்பத்திலும் அப்படியே. தைவானில் 1999 செப்டம்பர் 21ஆம் தேதி பூகம்பத்தில் ஷிகாங் அணையின் ஒரு ஓரத்து மதகுகளுக்கு அடியிலேயே தரை பிளந்து, ஒரு பக்கம் ஏறக்குறைய 10 மீட்டர் உயர்ந்துவிட்டது. அணை உடைந்து நின்றது. மூன்று மாடி உயரத்துக்குத் தரை எழும்பினால், அதைத் தாங்கும் காங்கிரீட்டை எவர் வார்க்க முடியும்?

ஆனால் இந்தச் சந்தேகத்தின் பலனை யாருக்கு அளிப்பது? கோர்ட்டில் சந்தேகத்தின் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மனிதனுக்கு. ஏனெனில் இழக்கப்போவது அவன் உயிர். இங்கே இழக்கப்போவது அணையின் கீழுள்ள கிராமத்தின் உயிர். ஆகவே சந்தேகத்தின் பலன் கிராமத்துக்கே சேர வேண்டும். "பிளவு உயிரோடு இருக்கிறது என்று நீ நிரூபி" என்று கிராமத்தானைப் பார்த்துக் கேட்பது அநியாயம். "இல்லை என்று நீ நிரூபி" என்று கட்டுகிறவனைக் கேட்பதே நியாயம். சுருகாவில் கமிஷன் செய்தது இதைத்தான். பிளவு உயிருள்ளது என்று அது அடித்துச் சொல்லவில்லை. இல்லை என்று காட்டும் பொறுப்பு கம்பெனியுடையது, கம்பெனி காட்டவில்லை, ஆகவே அனுமதியில்லை என்றது.

முதலாளி இல்லாத இடத்தில் இந்த ஆபத்து தானாக மறைந்துவிடும் என்றும் யாரும் எண்ண வேண்டாம். சீனாவில் டாங்ஷான் நகரின் கீழே ஓடிய பிளவு 1976 ஜூலை 28ஆம் தேதி நகருக்குள்ளேயே தரையைக் கிழித்தது. 2,40,000க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அங்கே இவ்வளவு பெரிய ஆபத்து இல்லையென்று குறித்து வைத்திருந்தார்கள். சாகலின் தீவில் எண்ணெய்த் தொழிலாளிகளுக்காக 1960களில் கட்டப்பட்ட நெப்டிகோர்ஸ்க் என்ற ஊர், 1995 மே 28ஆம் தேதி சுமார் 2,000 பேருக்குச் சமாதியாயிற்று. ஐந்து மாடி வீடுகள் மண்மேடாயின. ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்ட வரைபடத்தை நம்பி, அவசர அவசரமாகக் கட்டிய கட்டிடங்கள் அவை. திட்டமிடுவது மட்டும் போதாது. திட்டத்தைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும். கேட்டவனுக்குப் பதில் கிடைக்க வேண்டும்.

நம் வாசலில் இருப்பது

இது ஏதோ ஜப்பான், அமெரிக்கா சங்கதியல்ல. இமயமலையே பூமிப் பிளவுகளின் வேலைதான். 1819இல் கட்ச் பகுதியில் வந்த பூகம்பம், சமவெளியின் குறுக்கே பல மைல் நீளத்துக்கு ஒரு மேட்டை எழுப்பிவிட்டது. மனிதன் கட்டாத அணை என்று வியந்து ஜனங்கள் அதற்கு "அல்லா பந்த்" என்று பெயரிட்டார்கள். உறுதியான நிலம் என்று நம்பப்பட்ட தக்காணத்தில், கில்லாரி வட்டாரத்தில் 1993 செப்டம்பர் 30ஆம் தேதி சுமார் 10,000 பேர் மாண்டனர்; அங்கும் தரை சிறிது தூரம் பிளந்தது. 1934 பீகார்-நேபாள பூகம்பத்தில் தரை பிளக்கவில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். நேபாளத்தின் அடிவாரத்தில் பள்ளம் வெட்டிப் பார்த்தவர்கள், பிளந்திருக்கிறது என்று 2013இல் வெளியிட்டார்கள். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்!

2005 அக்டோபர் 8ஆம் தேதி காஷ்மீர் பூகம்பத்தை நினைத்துப் பாருங்கள். சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை பிளந்தது. 70,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிளவு பாலாகோட் என்ற சிறு நகரின் ஊடாகவே சென்றது. அந்தப் பிளவின் பகுதிகளை ஜப்பானிய நிபுணர்கள் 1991இலேயே வரைந்து வெளியிட்டிருந்தார்கள். வரைபடம் நூலகத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் பிளவின் வட்டாரத்தில் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை. பிறகு பாலாகோட்டை அபாயப் பகுதியென்று அறிவித்து, வேறிடத்தில் புதுநகரம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். பத்தாண்டுக்கு மேல் கழிந்தும் ஜனங்கள் அங்கே குடியேற முடியவில்லை. இருந்த இடத்திலேயே மறுபடி வீடு கட்டிக்கொண்டார்கள். வேறென்ன செய்வார்கள்?

இந்த அனுபவத்திலிருந்து நாம் ஒன்று கற்க வேண்டும். "பிளவின் மேல் கட்டாதே" என்ற சட்டம் ஏழையின் தலையில் மட்டும் விழக்கூடாது. நாலு சென்ட் மனைதான் ஒருவனுடைய சொத்து. அதன் குறுக்கே பிளவு ஓடுகிறது என்று ஒரு நாள் கோடு கிழித்துவிட்டுப் போனால், அவன் எங்கே போவான்? கோடு கிழிக்கும் சர்க்காரே மாற்று இடமும் நஷ்டஈடும் தர வேண்டும். இல்லையென்றால் ஜனங்கள் வரைபடத்தையே வெறுப்பார்கள். ரியல் எஸ்டேட்காரர்கள் அந்த வெறுப்பைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வார்கள்.

இன்று இமயமலையில் அணைகளும் நீர்மின் சுரங்கங்களும் ரயில் பாதைகளும் நெடுஞ்சாலைகளும் வேகமாக எழுகின்றன. அங்கே பாறை குடைவோர் ஜார்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளிகள். 2023 நவம்பர் 12ஆம் தேதி உத்தரகண்டில் சில்க்யாரா சுரங்கம் சரிந்து 41 தொழிலாளிகள் 17 நாட்கள் உள்ளே சிக்கிக் கிடந்ததை நாடே பார்த்தது. அது பூகம்பத்தால் நேர்ந்ததல்ல. ஆனால் பலவீனமான பாறையைப் பற்றி முன்கூட்டித் தெரிந்துகொள்ளாமல் குடைவதன் விலையை முதலில் கொடுப்பவர் யார் என்பதை அது காட்டிவிட்டது. பெரிய யந்திரம் பழுதாகி நின்றபோது, கடைசிச் சில மீட்டரைக் கையால் தோண்டி அவர்களை மீட்டவர்களும் ஏழைத் தொழிலாளிகள்தான்.

நாம் கேட்பது என்ன?

முதலாவது, உயிருள்ள பிளவுகளைப் பெரிய அளவில், சர்வே எண் வரை தெரியும்படி வரைந்து, பஞ்சாயத்து ஆபீசில் வைக்க வேண்டும். அந்தந்த வட்டார மொழியில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, அணை, சுரங்கம், அணு நிலையம், எண்ணெய்க் குழாய் எதுவானாலும், காண்டிராக்ட் கொடுப்பதற்கு முன்பே பூகர்ப்ப அறிக்கை பகிரங்கமாக வேண்டும். கட்டி முடித்த பிறகு வெளியிடுவதில் யாருக்கு என்ன லாபம்?

மூன்றாவது, ஆய்வு செய்யும் நிபுணருக்குச் சம்பளம் கொடுப்பவர் காண்டிராக்டராக இருக்கக்கூடாது. வெட்டிய பள்ளத்தையும் எடுத்த மண் மாதிரிகளையும் மற்ற விஞ்ஞானிகளும் வந்து பார்க்க உரிமை வேண்டும். அசல் குறிப்புகளை மாற்றி எழுதுவது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும்.

நான்காவது, குடியிருப்பும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் பிளவிலிருந்து விலகி நிற்கச் சட்டம் வேண்டும். இடம் பெயர்வோருக்கு மாற்று மனையும் வீடும் அதே சட்டத்தில் உறுதி செய்யப்பட வேண்டும்.

ஐந்தாவது, பிளவைக் கடந்தே தீர வேண்டிய பாதைக்கும் குழாய்க்கும், கணக்கிட்டதற்கும் கூடுதலாக இடம் கொடுத்துக் கட்ட வேண்டும். அலாஸ்காவில் 20 அடிக்குத் தயாராக இருந்ததால்தான் 14 அடி வந்தபோது தப்பியது. 10 அடி போதும் என்று மிச்சம் பிடித்திருந்தால்?

இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். ஒரு பள்ளம் வெட்டி மண்ணைப் படிக்க ஆகும் செலவு, ஓர் அணையின் செலவில் எத்தனை பங்கு? கட்டிய பிறகு மூடிக்கிடக்கும் உலை சுருகாவில் இருக்கிறது. கட்டுமுன் நிறுத்திய பள்ளம் போடேகாவில் இருக்கிறது. இரண்டில் எது மலிவு என்று கணக்குப் பிள்ளைகளே சொல்லட்டும்.

பூமி பொய் சொல்வதில்லை. தன் பழைய காயங்களை அடுக்கடுக்காக மண்ணில் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த விஞ்ஞானிகளும் நம் நாட்டில் இருக்கிறார்கள். படித்ததை ஜனங்களுக்கு முன்னால் உரக்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை வேண்டும். அந்த உரிமையை வாங்கித் தருவது, அணையின் கீழே உறங்கப் போகிற நம் கையில்தான் இருக்கிறது.